சத்தம் போதாது, சொல் விளங்க வேண்டும்

இமாம் குத்பா ஓதும்போது பக்கத்திலிருப்பவரை நோக்கி, 'பேசாதிரும்' என்று சொல்வதும் வீண் செயலே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கேட்பவருக்கு இத்தனை கட்டுப்பாடு உண்டென்றால், கேட்கும்படி செய்ய வேண்டியவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

நம் பள்ளிவாசல்கள் பல இன்று பளிங்கும் கண்ணாடியும் பதித்துப் புதுப்பிக்கப்படுகின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால், கடைசி ஸஃப்பில் அமரும் முதியவரைக் கேளுங்கள். திரைக்கு அப்பால் பயான் கேட்கும் பெண்களைக் கேளுங்கள். "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்பார்கள்.

காரணம் எளிது. வழவழப்பான கல் ஒலியை உட்கொள்வதில்லை, திருப்பி அனுப்புகிறது. குழிந்த கூரை அதனை ஓரிடத்தில் குவிக்கிறது. ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தின் இதே குறையை ஆராயத் தொடங்கினார் வாலஸ் சபைன். இருக்கை மெத்தைகளை அடுக்க அடுக்க முழக்கம் குறைவதை அவர் அளந்து காட்டினார். மனித உடலும் உடையுங்கூட ஒலியை உட்கொள்ளும். ஜும்ஆவில் ஓரளவு விளங்கும் பேச்சு, சில பேரே கூடும் சுப்ஹு வேளையில் குழம்புவது இதனாலேயே.

சபைனுக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இதனை எண்ணியிருக்கின்றனர். 1557-இல் இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளிவாசலைக் கட்டி முடித்த சிற்பி ஸினான், அதன் குவிமாடத்தில் மண்குடங்களைப் பதித்து வைத்தார். குடத்தின் வாய்வழி புகும் தாழ்ந்த ஒலி உள்ளேயே ஒடுங்கும். தேன்கூடு போன்ற அடுக்கு வேலைப்பாடுகள் ஒலியைக் குவிய விடாது சிதறிப் பரப்பும்.

நபிகளார் நோயுற்றிருந்தபோது, அவர்களது தக்பீரை அபூபக்ர் (ரலி) அவர்கள் உரக்கச் சொல்லிப் பின்னிருந்தோர்க்கு எட்டச் செய்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலும் பின்வரிசை மறக்கப்படவில்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அலங்கார விளக்குக்கு முன் தரைக்குக் கனத்த விரிப்பு வாங்குங்கள். பின்சுவரில் ஒலியை உட்கொள்ளும் பலகை அமையுங்கள். ஒரே பெரிய ஒலிபெருக்கியை அலற விடாமல், சிறியவற்றைப் பல இடங்களில் மக்களுக்கு அருகே, மெல்லிய ஒலியில் வையுங்கள். பேசுவோரும் நிறுத்தி நிதானமாகப் பேசட்டும். வேலை முடிந்ததும் மிம்பரருகே நின்று சோதிக்காதீர்கள். கடைசி ஸஃப்பில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.

பளிங்கின் பளபளப்பு கண்ணோடு நின்றுவிடும். விளங்கிய ஒரு சொல்லோ உள்ளத்தில் இறங்கும். அதற்கு வழி செய்வோருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.