ஒரு நாள் சாப்பாடும் ஒரு கைப்பிடியும்

கடலூர், சிதம்பரம் பக்கத்து முதியோர் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு போட வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மகனுக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, பெண்ணுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று வடை பாயசத்தோடு இலை போட ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பசியாற்றுவது இந்த மாவட்டத்துக்குப் பழகிய தர்மம். வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த இல்லங்களில் நடமாடிக்கொண்டிருந்தவர்களைத் திடீரென்று படுக்கையில் தள்ளுவது பசி அல்ல. பாத்ரூம்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இல்லங்களில் தங்கியிருப்பவர்களிடம் இது 30 முதல் 50 வரை போகிறது. விழுந்தவர்களில் 100-க்கு 40 பேர் மறுபடியும் விழுகிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தில் ஏன் அதிகம் விழ வேண்டும்? தள்ளாத நிலையில்தான் பலரும் இல்லத்துக்கே வருகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே எல்லாமே அவர்களுக்குப் புதிது. நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டில் இருட்டிலும் காலுக்கு வழி தெரியும். இங்கே சுவிட்ச் எந்தப் பக்கம் என்று பழகவே மாதக் கணக்கில் ஆகும்.

இந்தப் பக்கத்து இல்லம் ஒன்றில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாவைப் பார்த்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"எப்படி ஆயா விழுந்தீங்க?"

"ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தேன் தம்பி. கிர்ருன்னு வந்துச்சு. கதவப் பிடிச்சேன். அது உள்ள போயிடுச்சு, நானும் கூடவே போயிட்டேன்."

அவர் நடந்த வழியில் நானும் நடந்து பார்த்தேன். இரும்புக் கட்டில் உயரமானது, உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையில் எட்டாது. சுவிட்ச் வாசலோரம் இருக்கிறது, கட்டிலோ கோடியில். பாத்ரூம் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு திட்டு. உள்ளே பளபளக்கும் டைல்ஸ், குழாய் சொட்டிச் சொட்டி எப்போதும் ஈரம். பிடிக்க இருப்பது துண்டு போடுகிற கம்பி ஒன்றுதான். அதன் ஒரு பக்க ஸ்க்ரூ ஏற்கெனவே கழன்று கிடந்தது. அவருக்கு முன்னால் யாரோ அதைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் 'கிர்ருன்னு வந்துச்சு' என்றாரே, அதற்கு டைல்ஸ் பொறுப்பல்ல. அவருடைய மாத்திரை டப்பாவில் ரத்த அழுத்தத்துக்கு இரண்டு, கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று இருந்தன. எழுதிக் கொடுத்த டாக்டர்கள் வேறு வேறு. எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன, கொடுக்கிறவருக்கு ஒரே வேலையாக முடிந்துவிடும் என்பதால். நீர் மாத்திரை நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறது, தூக்க மாத்திரை விழிக்க விடாமல் அழுத்துகிறது, படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது. படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அழுத்தம் பார்த்தால் இது தெரிந்துவிடும். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. ஆனால் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. எந்த மாத்திரையை எந்த வேளைக்குக் கொடுப்பது என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு வாசகம்: "உக்காருங்க தாத்தா, எங்கயாவது விழுந்து வச்சிடப் போறீங்க." அக்கறையில் சொல்வதுதான். பத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பணியாளர் என்றால் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தொடைத் தசை சில வாரங்களிலேயே வற்றிவிடும். அப்புறம் அவர் எழுந்து நிற்கிற அன்றைக்கே விழுவார். ராத்திரியில் கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு போட்டால், சிலர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்கள். நியூஸிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான கால்பலப் பயிற்சி, வீட்டில் வாழும் முதியவர்கள் விழுவதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. அதில் இருப்பதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, நடப்பது போன்றவைதான். இல்லத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று செய்ய வைக்க வேண்டும், அவ்வளவே. அண்ணாமலை நகரில் செவிலியர் படிப்பும் இயன்முறை மருத்துவப் படிப்பும் இருக்கின்றன. மாணவர்கள் வாரம் ஒரு நாள் வந்தால் இரண்டு தரப்புக்கும் பயன். அவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நாற்காலியும் செல்போனும் போதும். எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் அவர் கவனிக்க வேண்டியவர்.

சென்னை கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மையமே திறந்துவிட்டார்கள். நல்லது. கண்புரை முற்றியவருக்கும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கும் பெரிய டாக்டர்கள் தேவைதான். ஆனால் கட்டிலின் காலை அறுத்து உயரத்தைக் குறைக்க கிண்டிக்குப் போக வேண்டியதில்லை. கடலூர் முதுநகரில் ஒரு வெல்டர் போதும். ஐம்பது பேருக்கு வடை பாயசத்தோடு இலை போடுகிற செலவில் கழிப்பறைக்குச் சில கைப்பிடிகள், கட்டிலோரம் ராத்திரி விளக்கு, பின்வார் வைத்த செருப்பு எல்லாம் வாங்கிவிடலாம். கைப்பிடியை டைல்ஸில் ஒட்டாமல் சுவரைத் துளைத்து இறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்து மின்சாரம் போகிற ஊர் இது, விளக்கு பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். உங்கள் அப்பாவின் பெயரை வேண்டுமானால் கைப்பிடிக்கு மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் போட்டு வாங்க முடியாத ஒன்றும் உண்டு. விழுந்தவர்கள் சொல்வதில்லை. சொன்னால் நடக்க விடமாட்டார்கள், பிள்ளைக்குப் போன் போகும், "உங்களால பெரிய தொல்லை" என்ற பேச்சு வரும். நிர்வாகமும் சொல்வதில்லை, கெட்ட பெயர் வரும் என்று. ஆகவே முதல் மூன்று தடவை விழுந்தது யாருக்கும் தெரியாது. நாலாவது தடவை தொடை எலும்பு முறிந்தபின் ஆம்புலன்ஸ் வருகிறது. அதற்குள் யாராவது கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்பார்கள். தொடை எலும்பின் மேல்முனை முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி, தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து.

எனவே ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு நோட்டு வேண்டும். யார், எங்கே, எத்தனை மணிக்கு, காலில் என்ன போட்டிருந்தார், என்ன மாத்திரை சாப்பிட்டிருந்தார். திட்டுவதற்காக அல்ல, மூன்று மாதம் எழுதினால் எந்த இடம், எந்த நேரம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேருக்கு இடமுள்ள முதியோர் இல்லம் என்று பேசுகிற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் சமையலறையைப் பார்த்த கையோடு இந்த நோட்டையும் கேட்கட்டும். அப்பாவையோ அம்மாவையோ சேர்க்கப் போகிறவர்களும் கேளுங்கள். "போன மாசம் ரெண்டு பேர் விழுந்தாங்க, அதுக்கப்புறம் திட்டை உடைச்சுட்டோம்" என்கிற இல்லத்தை நம்பலாம். "எங்ககிட்ட யாருமே விழுறதில்லைங்க" என்றால் இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.