மறுகலவை அன்று, தொகுப்பே சிக்கல்

ராகுல் தேவ் பர்மனின் மெட்டுகளை மின்னிசையில் மறுகலவை செய்வது மூலக்கொலை என்று இங்கே கொல்கத்தாவில் கொதிப்போர் உண்டு. உடன்பட இயலவில்லை. மறுகலவை தன்னை அப்பெயராலேயே அறிவித்துக்கொள்கிறது. பழைய பதிவுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. 'மூலப் பதிவுகள்' என்ற மகுடத்தோடு வரும் தொகுப்புகளையே நான் ஐயுறுகிறேன். 1969-இல் பர்மனே பாடிய வங்காளப் பூசைப்பாடல் 'மொனே பொடே ரூபி ராய்'. அம்மெட்டே 1973-இல் 'அனாமிகா' என்ற இந்திப் படத்தில் கிஷோர் குமார் குரலில் ஒலித்தது. படப்பெயரும் பாடகர் பெயரும் மட்டுமே தரும் இந்தித் தொகுப்பில் முந்தைய வடிவத்திற்குத் தடயமே இராது. இசைக்கோப்பில் துணைநின்ற, இந்நகரிலிருந்து சென்ற சாக்சபோன் கலைஞர் மனோகாரி சிங்கின் பெயரும் இராது. உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் குறித்தார். அக்குறிப்பற்ற பதிப்பை மேற்கோள் காட்டினால் நெறியாளர் திருப்பியனுப்புவார். இசைத்தொகுப்பை மட்டும் நம் ஆய்வேடுகள் கேள்வியின்றி மூலமென்று காட்டுவது எந்த நியாயம்?