தமிழுக்கு எழுத்தில்லையா?



திருச்சிராப்பள்ளிக் காட்டூரில் பேருந்துக்குக் காத்து நிற்போரின் கைகளை நோக்குங்கள். கைப்பேசியில் விரல்கள் பறக்கின்றன. எண்ணுவது தமிழ், எழுதுவதோ ஆங்கில எழுத்து! என் மாணவன் விடுத்த செய்தியொன்றில் பலமும் பழமும் பாலமும் ஓருருவாய்க் கிடந்தன. இங்ஙனம் பழகும் பிள்ளை லகர ளகர ழகர வேறுபாட்டை எங்ஙனம் அறிவான்? மணிப்பிரவாளம் தமிழ்ச்சொல்லைக் கெடுத்தது. இவ்வழக்கமோ தமிழெழுத்தையே விரட்டுகின்றது!

‘தமிழில் தட்டுதல் கடினம்’ என்பர். பொய்! 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளே 247 எழுத்துகளையும் தரும். அது கைப்பேசியிலும் விலையின்றிக் கிடைக்கின்றது. சிங்கை நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். கொரியன் தன் எழுத்திலேயே செய்தி விடுக்கின்றான். தமிழனுக்கு மட்டும் விரல் கூசுவதேன்? கருவி உண்டு, எழுத்துண்டு, இல்லாதது மானமே!

இன்றே உறுதி கொள்வீர். ஆங்கில எழுத்தில் வரும் தமிழ்ச் செய்திக்கும் தமிழெழுத்திலேயே விடை விடுப்பீர். நும் பிள்ளைக்கு அவ்விசைப்பலகையை இன்றிரவே பழக்குவீர்!