பதினான்கு வயதுக் கதாநாயகி

சினிமாக் கொட்டகையில் காதல் காட்சிக்குக் கைதட்டுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயலிலும் மில்லிலும் முதுகொடிய உழைப்பவனுக்குப் பாட்டும் கூத்தும் வேண்டும்தான். ஆனால் திரையில் காதலிக்கும் அந்தப் பெண்ணுக்கு வயதென்ன, அவள் கூலி யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை.

1976-இல் 'மூன்று முடிச்சு' வந்தபோது கதாநாயகி ஸ்ரீதேவிக்கு வயது 13. மறுவருஷம் '16 வயதினிலே'. கதையில்தான் 16, நடித்தவருக்கு 14.

இது புதிதல்ல. நம் கும்பகோணத்து யானையடிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சிறுவன், தகப்பனை இழந்தவன், வறுமை தாங்காமல் அண்ணன் சக்ரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனான். பிற்காலத்து எம்.ஜி.ஆர். அவர்தான். பண்ணையில் மாடு மேய்க்கப் பிள்ளைகளை விட்டார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. சோறு கம்பெனியுடையது, பிள்ளையின் பொழுதெல்லாம் கம்பெனிக்கு. மீசை அரும்பாத பையன்களுக்குப் புடவை கட்டி, வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நிறுத்திக் காதல் பேச வைத்தார்கள். மகரக்கட்டு உடைந்தால் பாட்டுப் போயிற்று. பாட்டோடு வேஷமும் போயிற்று. கொடிகட்டிப் பறந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தொண்டை போனதும் மூட்டை கட்டியவர்களின் பெயர் எந்த நோட்டீசிலும் இல்லை.

ஜப்பானில் சிறுமிகள் படிக்கும் மாங்கா படக்கதைகள் சிலவற்றில் பள்ளிக்கூடத்துப் பெண் நட்சத்திரமாகிறாள்; காதலும் கைகூடுகிறது. நிஜம் வேறு. பையன்களைப் பாடகர்களாக்கி விற்ற ஜானிஸ் கம்பெனியின் ஸ்தாபகர் அச்சிறுவர்களையே பல்லாண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி வந்தார். கம்பெனி இதை ஒப்புக்கொண்டது 2023-இல், அவர் இறந்து நான்காண்டுகளுக்குப் பிறகு!

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற 2016-ஆம் வருஷத் திருத்தம், சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் மட்டும் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்தது என்று சொல்ல முடியாது. குடும்பத் தொழிலுக்கும் ஒரு கதவு உண்டு. அது தனிக் கதை. 2017 விதிகளின்படி கலெக்டர் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் பாங்கியில் போடவேண்டும். இவ்வளவும் 14 வயது வரைதான். பதினைந்தாம் வயதில், காதல் வேஷத்துக்கு முதலாளி ஆள் தேடும் அதே வயதில், விதி அவளைக் கைவிட்டு விடுகிறது.

இந்த விதிகளைச் சர்க்கார் 18 வயது வரை நீட்ட வேண்டும். 20 சதவீதத்தைப் பாதியாகவாவது உயர்த்த வேண்டும். படப்பிடிப்பில் கலெக்டரின் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை சினிமாத் தொழிலாளர் சங்கங்களுக்கு வேண்டும்.