முதுகைத் தேய்க்கும் சொற்கள்

மனிதனை வருத்தும் நோய்கள் பல. அவற்றுள் உயிரைப் பறிக்காமல் வாழ்வை மட்டும் சிறிது சிறிதாக அரித்துத் தின்னும் நோய்கள் சில. அச்சிலவற்றுள் முன்னிற்பது முதுகுவலி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் துன்புற்றோர் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர். மக்களைச் செயலிழக்கச் செய்யும் நோய்களின் வரிசையில் உலகெங்கும் முதலிடம் பெற்று நிற்பதும் இவ்வலியே. எனினும் இதனைப் பற்றித் தமிழர் பேசும் பேச்சு மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, ‘தேய்மானம்’, மற்றொன்று, ‘பொறுத்துக்கொள்’, பிறிதொன்று, ‘நடிப்பு’. இம்மூன்று சொற்களும் வலியைத் தணிப்பதில்லை, வளர்க்கின்றன. சொல்லைக் காக்கும் பொறுப்புடைய தமிழாசிரியரும், சொல்லைக் கற்கும் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியத் தமிழர் இல்லங்களில் முதுகுவலியை அறியாத இல்லம் அரிது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கின் ஒளியில் மரத்திற்கு மரம் விரைந்து, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் உயர்ந்த வெட்டுக்கு நிமிர்ந்தும் உளி பிடித்த தலைமுறை ஒன்று இருந்தது. மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இருபுறமும் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான வழியில் பால் நிறுக்கும் கொட்டகைவரை சுமந்த தலைமுறை அது. இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது, அதே தோள்கள் குலைகளைத் தூக்கின. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். உளி பிடித்தவரின் பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியராகவும் எழுத்தராகவும் தாதியராகவும் விளங்குகின்றனர். அவர்களைப் படிக்க வைத்த முதுகு வீட்டின் ஒரு மூலையில் வலியோடு அமர்ந்திருக்கிறது.

அம்முதுகுக்குப் படித்த பிள்ளை செய்வது யாது? தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படுகிறது. மருத்துவர் அவசரத்தில் உதிர்த்த பல சொற்களுள் ஒரு சொல் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்கிறது: ‘தேய்மானம்’. அன்று முதல் அத்தாய்க்குத் தடைகள் பிறக்கின்றன. குனியாதே, தூக்காதே, படி ஏறாதே, கோயிலுக்கு நடக்காதே, படுத்தே இரு என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டளை இடுகின்றனர். வாசலில் பூச்செடிக்கு நீர் ஊற்றிய கை ஓய்கிறது. சந்தைக்கு நடந்த கால் மெலிகிறது. ஓராண்டு கழியுமுன், நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் நடக்க இயலாதவராகிறார். அன்பின் பெயரால் ஒரு குடும்பமே கூடி ஒருவரை முடமாக்குகிறது. இக்கொடுமையைச் செய்தவர் எவரும் கொடியவர் அல்லர் என்பதே இதிலுள்ள பெருந்துயரம்.

‘தேய்மானம்’ என்னும் சொல் எங்கிருந்து இத்துணை வலிமை பெற்றது? 1934ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி தோன்றக்கூடும் என்று விளக்கினர். அது மெய்யான கண்டுபிடிப்பு. அறுவை மருத்துவத்தால் பலர் நலமுற்றனர். ஆனால் சிலருக்குப் பொருந்திய காரணம் நாளடைவில் எல்லார்க்கும் உரியதாக ஏற்றப்பட்டது. எங்கு முதுகு வலித்தாலும் வட்டின் மீதே பழி விழுந்தது.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைக் காந்த அலைப் படத்தால் ஆராய்ந்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலேனும் வட்டு புடைத்திருந்தது. எல்லா வட்டுகளும் பழுதின்றி இருந்தவர் 36 விழுக்காட்டினரே. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்து நோக்கியது. வட்டுகள் நலிந்திருப்பது 20 வயதினருள் 37 விழுக்காட்டினரிடமும், 80 வயதினருள் 96 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. இவர்களுள் ஒருவர்க்கும் வலியில்லை என்பதை மறத்தலாகாது. தலைமயிர் நரைப்பதுபோல் முதுகின் உள்ளும் நரை விழுகிறது, அவ்வளவே. நரைத்த தலையைக் கண்டு எவரேனும் ஒருவரைப் படுக்கையில் கிடத்துவரோ?

உயிருள்ள உடல் வண்டிச் சக்கரம் அன்று. சக்கரம் உருள உருளத் தேயும்; தசையோ இயங்க இயங்க உரம் பெறும். சக்கரத்துக்குரிய சொல்லைத் தாயின் முதுகுக்குச் சூட்டியதால் விளைந்த பிழையே இது. 1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில், புதிதாக முதுகுவலி கண்ட 186 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாரார் இரண்டு நாள் படுத்திருந்தனர்; ஒரு சாரார் தனிப் பயிற்சிகள் செய்தனர்; ஒரு சாரார் வலி இடங்கொடுத்த அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். விரைந்து தேறியவர் மூன்றாம் சாராரே.

வலி மூன்று திங்களைக் கடந்து நீடிக்கும்போது அதன் இயல்பும் மாறக்கூடும். வீட்டுக் காவல்நாய் திருடன் போன பின்னும் குரைப்பதை ஓயாமல், காற்றில் இலை அசைந்தாலும் குரைக்கத் தொடங்குவது உண்டு. நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலமும் அவ்வாறே ஆவதுண்டு. காயம் ஆறிய பின்னும் எச்சரிக்கை ஓயாது. கவலை, உறக்கமின்மை, வேலை போய்விடுமோ என்னும் அச்சம் ஆகியவை அவ்வெச்சரிக்கையை மேலும் உரக்கச் செய்யும். ‘உன் முதுகு தேய்ந்துவிட்டது’ என்பது அச்சமூட்டும் சொற்களுள் தலையாயது அன்றோ?

இதனால் மருத்துவரை நாடவேண்டியதில்லை என்பது பொருளன்று. முதுகுவலியோடு சிறுநீர் அடைபடுதலோ கட்டுப்பாடின்றிக் கழிதலோ நேர்ந்தாலும், இருதொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து வந்தாலும், காய்ச்சலோ காரணமற்ற உடல்மெலிவோ கண்டாலும், விழுந்து அடிபட்ட பின் கடுமையாக வலித்தாலும், முன்பு புற்றுநோய் கண்டவராயினும், காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இவை அரியன, ஆயினும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முதுகுவலியுற்றோருள் பத்தில் ஒன்பது பேருக்கு இத்தகைய தனிக்காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

இனி, ‘பொறுத்துக்கொள்’ என்னும் சொல். தோட்டத்துப் பெண்ணின் பெருமைகளுள் முதன்மையாகப் பேசப்பட்டது அவளுடைய பொறுமை. மேடைகள் அதனைப் போற்றின. சிறுகதைகள் அதற்குக் கண்ணீர் வடித்தன. வலியை வாய்விட்டுச் சொல்லாதவளே நல்லவள் என்னும் எண்ணம் வேரூன்றியது. விளைவு யாது? மூன்றாம் நாளில் பேசியிருக்க வேண்டிய வலியை அவள் மூன்றாம் ஆண்டில் பேசினாள். பொறுத்துக் கிடத்தல் வேறு. வலியை ஆளுதல் வேறு. முன்னது வலிக்கு அடிமையாதல். பின்னது வலியோடு வாழ்ந்துகொண்டே தன் வாழ்வைத் தன் கையில் வைத்திருத்தல். இவ்விரண்டையும் ஒன்றெனப் புகழ்ந்தது எழுத்தாளர் செய்த தவறு.

மூன்றாம் சொல்லாகிய ‘நடிப்பு’ இவ்விரண்டினும் கொடிது. கை முறிந்தவனுக்குக் கட்டு சான்று பகரும். முதுகு வலிப்பவனுக்குச் சான்று ஏது? படத்தில் ஒன்றும் இல்லை என்றதும் மேற்பார்வையாளர் ஐயுறுகிறார்; மாமியார் முகம் சுளிக்கிறார்; உடன் பணிபுரிவோர் தமக்குள் நகைக்கின்றனர். ஒருவர் தமக்கு வலி உண்டு என்று கூறுவதை மதித்தல் வேண்டும் என்று பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2020ஆம் ஆண்டில் வலிக்கு வகுத்த திருந்திய விளக்கத்தோடு சேர்த்தே உரைத்துள்ளது. நம்பப்படாதவர் தம் வலியை மெய்ப்பிப்பதிலேயே ஆற்றலைச் செலவிடுவார். தேறுவதற்கு அவரிடம் எஞ்சுவது சிறிதே.

இம்மூன்று சொற்களின் நிழலில் செழிப்பவர் விற்பனையாளர். தேய்ந்ததை வளர்க்கும் மாத்திரை, விலகியதை ஒரே நாளில் சேர்க்கும் இழுவை, இடுப்பை இறுக்கும் பட்டை எனக் கடைகள் நிரம்பி வழிகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கெனத் தன் முதல் வழிகாட்டி நூலை வெளியிட்டது. உடற்பயிற்சி, தன்னைத் தானே பேணுவதற்கான கல்வி, உளவியல் துணை, பிடித்துவிடுதல் போன்ற சில கைம்முறைகள், அழற்சி தணிக்கும் மருந்துகள் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டையையும் இழுவை முறையையும் அபின்வழி வந்த வலிமருந்துகளையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. கடைகள் உரக்கக் கூவி விற்பவற்றுள் இரண்டு, வேண்டாதவற்றின் பட்டியலில் இருப்பது காண்க.

அவ்வாறாயின் வலியை ஆளுதல் எவ்வாறு? வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை ஒருசேர முடித்து, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது பலரின் வழக்கம். அதனை விடுத்து, நல்ல நாளிலும் தீய நாளிலும் அளவோடு இயங்குதல் வேண்டும்; வேலையைக் கூறுபோட்டு, வலி உச்சத்தை அடையுமுன் சிறிது ஓய்ந்து, மீண்டும் தொடர்தல் வேண்டும். நடையினும் மலிவான மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவருக்கு வலி மீண்டும் வருமுன் கழிந்த காலம் இடைநிலைக் கணக்கில் 208 நாள். செய்யாதவருக்கு 112 நாள். நடை வலியை வேரறுத்தது என்று எவரும் கூறவில்லை. வலியற்ற நாள்களை அது நீட்டியது. நாட்பட்ட நோயில் அதுவே வெற்றி.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். ‘நாள் முழுதும் மூட்டை தூக்குபவனிடம் போய் நட என்பதா? அவன் அசைவது போதாதா?’ என்பர். நியாயமான வினா. ஆனால் உழைப்பின் நெருக்கடியில், ஒரே கோணத்தில், ஓய்வின்றிச் சுமப்பது ஒன்று. தன் அளவறிந்து இயங்குவது மற்றொன்று. முன்னதை மாற்றும் கடமை தொழிலாளியின் மனவுறுதியைச் சார்ந்ததன்று; வேலை தருபவரைச் சார்ந்தது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அக்கடமையை வகுத்தது. திருத்தப்பட்ட அச்சட்டம் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொட்டு, வீட்டுப் பணியாளர் முதலிய சிலர் நீங்கலாக, நாட்டின் எல்லாத் தொழிலிடங்களுக்கும் விரிந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த, சொக்சோ என மக்கள் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், நோயுற்ற தொழிலாளர் மீண்டும் பணிக்குத் திரும்பத் துணைபுரியும் திட்டத்தை 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் இல்லத்தரசியர்க்கும் தனிச்சட்டம் பிறந்தது. இவற்றை அறியாத தாயின் சார்பில் பாரங்களை நிரப்ப வல்லவர் யார்? அவள் படிக்க வைத்த பிள்ளையே. ‘படுத்திரு’ என்று கூறுவதினும் அது மேலான நன்றிக்கடன்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் ஆண்டுதோறும் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. மருத்துவத்தின் கூறுகளுள் மருத்துவனையும் மருந்தையும் மட்டுமன்றி, நோயுற்றவனையும் உடனிருந்து பேணுபவனையும் சேர்த்து எண்ணிய நூல் அது. பேணுபவனின் கையில் இருக்கும் முதற்கருவி சொல்லே. அதிகாரத்தை மனனம் செய்வித்துவிட்டு, உடற்கல்வி வேளையைத் தேர்வுப் பாடத்திற்குப் பறித்துக்கொள்ளும் ஆசிரியர், மாணவர்க்கு எதனைக் கற்பிக்கிறார்? உடல் அசையாமல் இருப்பதே கல்வி என்பதையன்றோ?

ஆகவே, தமிழ் கற்றோர் இம்மூன்று சொற்களையும் தம் வீட்டிலிருந்தே விலக்கத் தொடங்குக. ‘தேய்ந்துவிட்டது’ என்னும் இடத்தில் ‘வலிக்கிறது, ஆயினும் வலுப்பெறும்’ என்க. ‘பொறுத்துக்கொள்’ என்னும் இடத்தில் ‘சொல், கேட்கிறேன்’ என்க. ‘நடிப்பு’ என்னும் சொல் நாவில் எழுமுன் அதனை விழுங்குக. பின்னர்த் தாயின் கையைப் பற்றி, அடுக்குமாடியின் கீழ்த்தளம்வரை இன்று நடத்திச் செல்க. நாளை, சாலையின் முனைவரை. இரு வாளிப் பாலைச் சுமந்து ஒரு தலைமுறையை நிமிர்த்திய முதுகு, மீண்டும் நடக்கும் ஆற்றல் அற்றதன்று. அதனை நடக்கவிடாத சொற்களே அகலவேண்டும்.