முதல் பழைய கார் அபூர்வமாக இருக்க வேண்டாம்



பழைய கார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். அதில் ஒன்று லண்டன் வாசகி ஒருவருடையது. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்களாம், வீட்டுக் கடனும் அடையப்போகிறதாம். இனியாவது தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் இத்தாலியக் கார், துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டலாம். நிறம் சிவப்பு. வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்கிறார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

தாராளமாக வாங்குங்கள் அம்மா. இந்தக் காரை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம், அது அபூர்வமானது இல்லை என்பதுதான்.

முதன்முறை பழைய கார் வாங்க வருகிறவர்களுக்கு, வேறு யாரிடமும் இல்லாத வண்டி வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையை ஐந்தாவது காருக்கு வைத்துக்கொள்ளலாம். லான்சியா நிறுவனம் 1954, 55-ல் ஆரேலியா பி24 ஸ்பைடர் என்றொரு கார் செய்தது. மொத்தமே 240 வண்டிகள். அத்தனை அழகு, ஏலத்தில் பத்து லட்சம் டாலர் அளவுக்குப் போகிறது. அதன் முன்கண்ணாடியில் ஒரு கல் பட்டால் கடைக்குப் போய் வாங்கிவர முடியாது, யாரிடமாவது சொல்லித்தான் செய்ய வேண்டும். ஆல்ஃபா ஸ்பைடரோ 1966-ல் தொடங்கி 1990-களின் முன்பாதி வரை சுமார் 1,24,000 வண்டிகள் வெளிவந்தன. கதவு ரப்பரிலிருந்து அடித்தகடு வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உண்டு. இந்த வண்டியைப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். முதல் காருக்கு இது போதாதா?

வரலாறும் சுவையானதுதான். 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. வடிவம் பினின்ஃபாரினா பட்டறையுடையது. அதன் நிறுவனர் பத்திஸ்தா பினின்ஃபாரினா அடுத்த மாதமே காலமானார். பெயர் வைக்க ஆல்ஃபா ஒரு போட்டி நடத்தியது. ‘டுயெட்டோ’ என்ற பெயர் வென்றது, சொன்னவருக்குப் பரிசாக ஒரு கார். ஆனால் ஒரு சாக்லேட் பிஸ்கட்டுக்கு ஏற்கெனவே அந்தப் பெயரில் உரிமை இருந்ததால் காரின் மேல் அதைப் பொறிக்க முடியவில்லை! காகிதத்தில் ‘ஸ்பைடர் 1600’ என்றே இருந்தது. பிரியர்கள் மட்டும் இன்றுவரை டுயெட்டோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறு வருடம் ‘தி கிராஜுவேட்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் இந்தக் காரை ஓட்டியதும் அமெரிக்காவில் புகழ் பரவியது. படத்தின் உச்சக்கட்டத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றுபோவதும் இதே கார்தான். விளம்பரத்துக்கு இப்படியும் ஒரு வழி.

1966-லேயே இதில் அலுமினிய எஞ்சின், தலைக்கு மேல் இரண்டு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அதே இத்தாலியில் பிறந்து நம் ஊரில் ஓடிய பியட் 1100-இல் ஸ்டீயரிங் தண்டில் நான்கு கியரும், டிரம் பிரேக்கும் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஸ்பைடரை இன்றைய சாலையிலும் பயமில்லாமல் ஓட்டலாம்.

இனி, பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

எஞ்சின் சத்தத்தில் மயங்காதீர்கள். அந்த எஞ்சின் நல்ல எஞ்சின், கெட்டுப்போனாலும் சரி செய்துவிடலாம். இந்தக் காரைக் கொல்வது துரு. பனிக்காலத்தில் ஐரோப்பியச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்தக் காலத்து இத்தாலியக் கார்களுக்குத் துருத் தடுப்பும் சரியாகச் செய்யப்படவில்லை. இதற்கென்று தனிச் சாசிஸ் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. கூரையும் இல்லாததால், மூடி எடுத்த அட்டைப்பெட்டி முறுக்கிக்கொள்வது போல வண்டி முறுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பெட்டிகள்தான். அவை உள்ளிருந்து அரித்துப்போயிருந்தால் மேலே என்ன பெயிண்ட் அடித்திருந்தாலும் பயனில்லை.

ஆகவே ஒரு காந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, கதவடிப் பெட்டி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், பேட்டரியும் டிக்கியில்தான் என்பதால் அமிலம் கசிந்திருக்கலாம். அங்கேயும் கை விட்டுப் பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இடித்தாலோ, இடைவெளி மாறினாலோ, வண்டி வளைகிறது. விற்பவர் முகம் சுளித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கலிபோர்னியாவிலிருந்து வந்த வண்டி என்றால் நான் கொஞ்சம் கூடவே யோசிப்பேன், வாங்குவதற்காக. அங்கே வெயில் டேஷ்போர்டை வெடிக்கவைத்துவிடும், சீட்டையும் கிழித்துவிடும், ஆனால் பாடி உலர்ந்து நன்றாக இருக்கும். கிழிந்த சீட்டைத் தைப்பது எளிது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்குமே என்று லண்டன் வாசகி தயங்க வேண்டாம், பழகிவிடும்.

மற்றவை சுருக்கமாக. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். இரண்டாவது கியர் முதலில் கரகரப்பது இந்த வண்டியின் பிறவிக் குணம், சூடேறிய பிறகும் கரகரத்தால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் மாதிரி வெளுத்த பசை தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சினின் அடியில் தொங்கும் அலுமினிய ஆயில் தொட்டி தரைக்கு மிக அருகில் இருக்கும், அதில் விரிசலோ ஒட்டோ இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகும் வேகத்தடையில் நிதானம் வேண்டும்.

எந்த வருடத்து வண்டி? 1969 வரை வந்த, பின்புறம் உருண்டு குவியும் முதல் வடிவத்துக்குத்தான் கிராக்கி அதிகம், விலையும் அப்படியே. 1970-லிருந்து பின்புறத்தை வெட்டிவிட்டார்கள், டிக்கி பெரிதானது. 1983-க்குப் பிறகு ரப்பர் பட்டையெல்லாம் ஒட்டி அழகைக் கெடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். 1990-க்குப் பிந்தைய கடைசி வடிவத்தில் அதைத் துடைத்துவிட்டு, எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் செலுத்தும் எஞ்சினும் பவர் ஸ்டீயரிங்கும் வைத்தார்கள். அன்றாடம் ஓட்ட நினைப்பவருக்குக் கடைசி வடிவம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றால் 1970-களின் 2000 சிசி வண்டி.

பட்ஜெட் இடிக்கிறதா? பியட் 124 ஸ்பைடரைப் பாருங்கள். அதுவும் 1966, அதுவும் பினின்ஃபாரினா. எஞ்சினை வடிவமைத்தவர் ஃபெராரியில் பணிபுரிந்த ஆரேலியோ லாம்ப்ரெடி. சுமார் இரண்டு லட்சம் வண்டிகள் வந்தன, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. ஆல்ஃபாவில் டைமிங் செயின், இதில் ரப்பர் பெல்ட். வாங்கிய வாரமே பெல்ட்டை மாற்றிவிட வேண்டும், பழைய பில்லைக் காட்டி யார் என்ன சொன்னாலும். இதன் செடான் உறவுக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான். 1985-ல் பம்பாயில் பிரீமியர் 118 என்இ என்று வந்ததே, அதன் பாடி பியட் 124-இன் வழியில் வந்தது.

காகித விஷயத்தில் ஒன்று முக்கியம். பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத காருக்குச் சாலை வரி இல்லை, வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. சலுகைதான், ஆனால் வாங்குகிறவருக்கு ஆபத்தும் அதில்தான். பல வருடம் யாருமே அடியில் குனிந்து பார்க்காத வண்டி விற்பனைக்கு வரலாம். நாமே காசு கொடுத்துச் சோதனைக்கு அனுப்பிய பிறகு பேரம் பேசுவதே சரி. மிலான் அருகே அரேசேயில் உள்ள ஆல்ஃபா ஆவணக் காப்பகத்துக்குச் சாசிஸ் எண்ணை அனுப்பினால் வண்டி எப்போது உருவானது, அப்போது என்ன நிறம் என்பதைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழாகத் தருவார்கள். சிவப்பு என்று நாம் வாங்கியது பிறவியில் வெள்ளையாகவும் இருக்கலாம்.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதி முதல் வருடச் செலவுக்கு வேண்டும். டயர் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் வயதாகி இறுகியிருக்கும், பிரேக் ஹோஸும் அப்படித்தான்.

இத்தாலியக் காரோ, வீட்டுப் பழைய பியட்டோ, வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். வாங்கிய விலையை எல்லாரும் பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு செலவழித்ததை மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்