ஏறிவிட்டது, சரி, எங்கே இறங்கியது?

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயைச் சுற்றி வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு எக்செல் ஷீட்டாக என்னிடம் வரும். அதை வரைபட டேட்டாபேஸில் ஏற்றுவது என் பிழைப்பு. வேலை கொடுத்தவர்கள் கேட்பது ஒன்றே: "ஏறிடுச்சா?" ஏறிவிடும். எங்கே போய் இறங்கியது என்று கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் இருப்பது 10 டிகிரி 35 நிமிட அட்சரேகையில். கணக்கெடுப்பவர் அவசரத்தில் 10.35 என்று அடித்துவிடுவார். டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 10.58 என்று வந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தில் வீடு 26 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, லிட்டில் அந்தமானைத் தாண்டி டென் டிகிரி சானலில் விழும். நான் ஏற்றும் டேட்டாபேஸான போஸ்ட்ஜிஐஎஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். கடலில் வீடு இருக்காது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே!

சர்வே எண் 12/3 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். பெயரைத் தேதியாக்கும் இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகள் கணக்கில் விட்டுப்போனார்கள்.

"கணக்கெடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்பார்கள். கொடுக்கட்டும். ஆனால் வெயிலில் அலைந்து, போன் திரையில் அடிப்பவர் கை தவறத்தான் செய்யும். பொறுப்பு, வாங்கி ஏற்றுகிற பக்கம் இருக்க வேண்டும். வந்ததை முதலில் எழுத்தாகவே ஒரு தனி டேபிளில் இறக்கி, சரிபார்த்த பிறகே புள்ளியாக்க வேண்டும். லிட்டில் அந்தமானுக்கு ஒரு வரி விதி போதும்: அட்சரேகை 10.4-க்கும் 11-க்கும் நடுவே, தீர்க்கரேகை 92-க்கும் 93-க்கும் நடுவே. இரண்டும் இடம் மாறி வந்தாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். இப்படி ஒரு விதி இல்லாவிட்டால், எண்கள் இடம் மாறிய சென்னை வீடு வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் நிற்கும்.

மாட்டிய வரிகளை என்ன செய்வது என்பதில்தான் எனக்குக் கோபம். 'பிழை' என்று அழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து அழகாக வரைபடம் போடுகிறார்கள். தவறாக விழுந்த புள்ளியையாவது தேடித் திருத்தலாம். அழித்த வரியோடு ஒரு குடும்பமே கணக்கிலிருந்து போய்விடுகிறது. 2004 சுனாமியில் அடிபட்ட ஊர் இது. நாளை புயலோ சுனாமியோ வந்து, நிவாரணப் பட்டியலை இந்த வரைபடத்திலிருந்து எடுத்தால் அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஏறாத வரிகளின் பட்டியல், காரணத்தோடு, கணக்கெடுத்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டும். அது திருத்தப்பட்டு வரும்வரை, என்னைப் போன்றவர்களின் பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்.